குங்குமம் தோய்த்த குதிமுள்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை ஆண்ட அரசருக்கு, எது புதிதாக வந்தாலும் உடனே போட்டுப் பார்த்துவிட வேண்டும். கடல் கடந்து வந்த வணிகர் ஒருவர் குதிமுள் ஒரு சோடி கொடுத்துவிட்டுப் போனார். குதிகாலில் கட்டிக்கொண்டு குதிரையின் விலாவை லேசாகத் தொட்டால் போதும், சொன்ன பக்கம் திரும்புமாம். விடுவாரா நம் அரசர்? அன்றே கட்டிக்கொண்டு தம் வெள்ளைக் குதிரை பாற்கொடியின் மேல் ஏறிவிட்டார்.

பாற்கொடி திரும்பவில்லை. துள்ளினாள், பக்கவாட்டில் ஓடினாள், ஒருநாள் அரசரைக் குளத்தங்கரைச் சேற்றில் தள்ளியும் விட்டாள். பத்தே நாளில் அவள் விலா இரண்டும் கன்றிப்போயின.

குதிரைப்படைத் தலைவர் மழவராயர் இதற்காகத்தான் காத்திருந்தார். குதிரையைப் பராமரிக்கும் வேம்பனைத் துரத்திவிட்டு அந்த இடத்தில் தம் மைத்துனனை வைக்க வேண்டும். வேம்பனை வேலைக்குச் சேர்த்துவிட்ட விகடகவி கூத்தபிரானும் தலைகுனிய வேண்டும். வேம்பன்தான் குதிமுள்ளைத் திருட்டுத்தனமாகக் கட்டிக்கொண்டு சவாரி செய்து குதிரையைக் கெடுத்தான் என்று கூசாமல் போட்டுக்கொடுத்தார்.

அரசருக்குக் கோபம் தலைக்கேறியது. "குத்திய கால்களைக் கட்டிப் போடுங்கள். நான் சொல்லும்வரை அவிழ்க்கக் கூடாது" என்றார். வேம்பனின் கால்களில் கயிறு விழுந்தது. பாவம், வீட்டில் நான்கு வாய், உழைப்பவன் இவன் ஒருவன்.

கூத்தபிரான் எழுந்து, குத்தியது யாராக இருந்தாலும் இந்தக் கட்டளை செல்லுமா என்று பணிவாகக் கேட்டார். தம் மகனே ஆனாலும் செல்லும் என்றார் அரசர். அப்படியானால் மன்னர் எல்லோரும் பார்க்க ஒரே ஒரு சுற்று வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, குதிமுள் முனைகளில் குங்குமத்தைக் குழைத்துத் தடவினார்.

சுற்றி வந்த அரசர், மூன்றே முறைதான் முள்ளால் தொட்டதாகச் சொன்னார். வெள்ளை விலாவில் எண்ணினால் நாற்பத்தொரு சிவப்புப் பொட்டு! கால் ஆடியபோதெல்லாம் முள் குத்தியிருக்கிறது; அது அரசருக்கே தெரியவில்லை.

கூத்தபிரான் மடியிலிருந்து வாழைநாரை எடுத்து, அரசரின் கால்களைச் சேணத்து வாரோடு சேர்த்துக் கட்டத் தொடங்கினார். ராஜத் துரோகம் என்று குதித்தார் மழவராயர்.

"கட்டளை மன்னருடையது. நார் மட்டும்தான் என்னுடையது" என்றார் கூத்தபிரான். "நார் அறாமல் ஒரு சுற்று வாருங்கள், மன்னா."

பத்தடி போவதற்குள் நார் அறுந்தது. மறுபடி கட்டினார்கள், அதுவும் அறுந்தது. மூன்றாம் முறை அரசர் காலை ஆடாமல் அசையாமல் வைத்துக்கொண்டார். பாற்கொடியின் நடை நிதானமானது. அப்போது வலது குதிகாலை ஒரே ஒரு முறை, நார் இறுகாத அளவுக்குத் திருப்பித் தொட்டார். அவள் அழகாகத் திரும்பினாள்.

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். "காது நன்றாகக் கேட்கிறவளிடம் இத்தனை நாளும் கத்திக்கொண்டிருந்தேனே!" தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார். தினமும் விடிந்ததும் தம் கால்களைக் கட்ட நார் கிழித்துக் கொடுக்கும் வேலையை மழவராயருக்குக் கொடுத்தார்.

பிறகு வேம்பனிடம், இதெல்லாம் உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டார்.

"தெரியும் சாமி. சொன்னா இவகிட்டேருந்து என்னைப் பிரிச்சிடுவீங்களோன்னு பயந்துட்டேன். மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுக்கிட்டே இருந்தேன்."

அரசரின் கண் கலங்கியது. குனிந்து, வேம்பனின் காலில் இருந்த கயிற்றைத் தம் கையாலேயே அவிழ்த்தார். "நீயும் இவளும் என்னைப் பொறுத்துக்கொண்டீர்கள். இந்த நன்றியை நான் மறக்க மாட்டேன்" என்றார்.

வேம்பன் கும்பிட்டான். கும்பிட்ட கையோடு பாற்கொடியிடம் ஓடி, தோள் துண்டால் அவள் விலாவில் இருந்த குங்குமத்தைத் துடைக்க ஆரம்பித்தான். மறுபக்கத்து விலாவை அரசர் துடைத்தார்.