முயல் எதிர்த்த மண்

நாச்சி வாசலில் உட்கார்ந்து கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே தூளியில் பிள்ளை தூங்கியது.

அரண்மனை ஸ்தபதி திருமேனி வந்து நின்றார். நரைத்த மனுஷர், அவளுக்கு அப்பா வயசு. ஆனாலும் அவளைத்தான் குருவென்று வைத்திருந்தார். யாரையும் முகம் பார்த்துப் பேசமாட்டாள். கேட்டால் அரை வார்த்தை சொல்வாள். அவருக்கு அது போதும்.

"தாயே, என் தலை போகப் போகுது."

முறம் நிற்கவில்லை.

அவர் சொன்னார். புதுத் தலைநகரத்துக்கு மன்னர் கேட்டது முயல் நாயை எதிர்க்கிற மண். அந்த மண்ணில் குடியிருப்பவன் எதிரிக்குப் பயப்படமாட்டானாம். மாசக்கணக்கில் அலைந்து, நேற்று இவள் கொல்லைக்குப் பின்னாலிருக்கும் மேட்டில் கண்ணாலேயே பார்த்துவிட்டார். முயலொன்று அவருடைய நாயை ஓட ஓட விரட்டியது. முயல் எதிர்த்து நின்ற புல் திட்டிலேயே, நகரத்துக்கு நடு இதுவென்று மர முளையை அடித்தார். அங்கிருந்து நாலு பக்கமும் தெருக்களுக்குக் கோடு போட்டாயிற்று.

இன்று காலை மறுபடி நாயை அவிழ்த்துவிட்டார். அதே முயல் காதை மடக்கிக்கொண்டு ஓடியே போய்விட்டது.

"நேத்தே சேதி அனுப்பிட்டேன். மன்னர் வேட்டை நாய்களோட வந்துக்கிட்டிருக்கார், தாயே. மண்ணுல இருந்த வீரம் ஒரே ராத்திரியில எங்க போச்சு?"

நாச்சி தூசியை ஊதினாள். "முளையைப் பிடுங்கிக்கிட்டு வாங்க."

"சகுனம் கெட்டுடுமே."

அவள் மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.

போனவர் முளையோடு திரும்பி வந்தார். முளையின் கூரில் ஈர மண். மண்ணோடு ஒட்டிக்கொண்டு, பஞ்சு மாதிரி மயிர்.

"புல்லுக்கடியில குட்டிங்க இருந்திருக்கு. நான் பாக்கலை." மயிரை விரலால் தொட்டார். "அப்போ, நேத்து அது விரட்டினது..."

நாச்சி முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். "அது வந்துங்க, ஐயா, ஒரு..."

உள்ளே பிள்ளை வீறிட்டது. முன்னால் ஓடிவந்த வேட்டை நாயொன்று கொல்லைக் கதவு வழியே நுழைந்து தூளியை முகர்ந்துகொண்டிருந்தது.

கேழ்வரகு வாசலெல்லாம் சிதறியது.

வந்த வழியே நாய் வாலை இடுக்கிக்கொண்டு பறந்தது. பின்னாலேயே, கையில் வெறும் முறத்தோடு நாச்சி.

குதிரைமேல் வந்த மன்னர் அதைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்துபோயிற்று.

"ஸ்தபதியாரே, நீர் சொன்ன மண் இதுதானே? எங்கே முளை? இந்த வீட்டு நடுவிலேயே அடியும்."

திருமேனி முளையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.