அப்பளம் அளந்த பித்து

அந்த நாட்டில் ராஜாவும் இருந்தார், ராஜா கையில் செல்போனும் இருந்தது. அது எப்படி என்று கேட்டால் கதை நின்றுவிடும், கேட்காதீர்கள்!

ஒருநாள் மந்திரி வேதநாயகம் சபையில் தாம்தூம் என்று குதித்தார்.

"மகாராஜா! பல்கலைக்கழகப் பிள்ளைகள் செல்போனே கதி என்று கிடக்கிறார்கள். 'உனக்கு அந்தப் பித்து உண்டா?' என்று படிவம் கொடுத்தேன். முந்நூறு பேரும் 'இல்லை' என்று எழுதிவிட்டார்கள். அதையும் செல்போனைப் பார்த்துக்கொண்டே எழுதினார்கள்! இழுத்துப் பூட்டுங்கள்!"

ராஜா இளவழுதி, சபையின் வாயாடி குப்பாண்டியைப் பார்த்தார். "ஒரு கேள்வி கேட்கக் கூடாது. ஒரு செல்போனைத் தொடக் கூடாது. நாளை மதியத்துக்குள் பித்தை அளந்து சொல். பாதிப் பேருக்கு மேல் பித்துப் பிடித்த இடம் எதுவானாலும் பூட்டு! உன்னால் அளக்க முடியாவிட்டாலும் பூட்டு!"

குப்பாண்டியின் மகள் பூங்கோதை அங்கேதான் கடைசி வருஷம். மூன்றே மாதத்தில் பட்டம். அட கடவுளே!

மறுநாள் அடைமழை. பல்கலைக்கழகத்தில் தலைவாழை விருந்து வைத்தான் குப்பாண்டி. முந்நூறு பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். தனி வரிசையில் ராஜா, மந்திரி, குப்பாண்டி.

"அளவுகோல் எங்கேடா?" என்றார் ராஜா.

"வருகிறது மகாராஜா."

ஆவி பறக்கும் சோறு வந்தது. அதன் தலைமேல் மொறுமொறு அப்பளம் வந்தது. குப்பாண்டி காதைத் தீட்டிக்கொண்டான். நொறுக்! ஒன்று. நொறுக்! இரண்டு. நாற்பத்தொன்றோடு சத்தம் நின்றுபோனது. மற்றவர்கள் எல்லாம் இலையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பூங்கோதை பெஞ்சுமேலேயே ஏறிவிட்டாள். பாவி மகளே!

குப்பாண்டி எழுந்தான். "மகாராஜா, மழைநாளில் சோற்று ஆவி பட்ட அப்பளம் காத்திருக்காது. பித்தில்லாதவன் உடனே நொறுக்குவான். நொறுங்கியது நாற்பத்தொன்று. நமத்தது இருநூற்று ஐம்பத்தொன்பது."

"பார்த்தீர்களா! பூட்டு எங்கே?" மந்திரி துள்ளினார்.

"இருங்கள் ஐயா, உங்கள் அப்பளத்தைக் கொஞ்சம் எடுங்கள்."

எடுத்தார். கைக்குட்டை மாதிரித் தொங்கியது.

"நான்... இவர்கள் யோக்கியதையை ஊருக்குக் காட்டப் படம் போட்டேன்! அதற்குள் எண்பது லைக்!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தபடியே தன் இலையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. அவரது அப்பளமும் துவண்டு கிடந்தது.

"அந்த எண்பதில் ஒன்று..." என்று இழுத்தார் ராஜா.

குப்பாண்டி கைகட்டி நின்றான். "இங்கே பாதிக்கு மேல். அரண்மனையிலிருந்து வந்த மூவரில் இரண்டு பேர், அதுவும் பாதிக்கு மேல். இரண்டு பூட்டு வாங்கட்டுமா மகாராஜா? அரண்மனைக்குக் கொஞ்சம் பெரியதாக?"

ராஜாவுக்கு மறுபடி சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீரே வந்துவிட்டது. "பூட்டும் வேண்டாம், சாவியும் வேண்டாம்! படிக்கட்டும் பிள்ளைகள்! குப்பாண்டி, என்ன பரிசு வேண்டும், கேள்!"

குப்பாண்டி தன் இலையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"இன்னொரு அப்பளம் மகாராஜா. ஊரார் இலையை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்ததில் என்னுடையதும் நமத்துவிட்டது."