கணினி ஏன் கடவுச்சொல் கேட்கிறது

அந்தக் காலத்தில் கணினிகளுக்கு வாய் இருந்தது. வாயோடு பணிவும் இருந்தது. எந்தக் கணினியின் முன் யார் வழக்கமாக உட்காருகிறாரோ, அவரே அதற்கு முதலாளி. முதலாளி எதை உள்ளே போடச் சொன்னாலும் "உத்தரவு" என்று சொல்லிப் போட்டுக்கொள்ளும்.

அப்போது கடலோரத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அங்கே தமிழ்த்துறைத் தலைவர் பேராசிரியர் தில்லைநாயகி. மீனவர் குப்பங்களில் வெயில் பாராமல் அலைந்து, காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வலைக்கும் அந்த மக்கள் வழங்கும் சொற்களைச் சேர்த்து ஓர் அகராதி எழுதியிருந்தார். அவருக்குத் தலை நரைத்ததே அந்த வேலையில்தான். அகராதி அவர் அறைக் கணினியில் இருந்தது; கணினி மையத்துப் பெரிய கணினியில் இன்னொரு படி இருந்தது. சொல் தந்த மீனவர்களின் முன்னிலையில் வெளியீட்டு விழா என்று நாளும் குறித்தாகிவிட்டது.

அம்மையாருக்கு ஒரு பித்து உண்டு. அவருக்கு மட்டுமா, அந்தப் பல்கலைக்கழகத்துக்கே உண்டு: தமிழ் எழுத்துரு. வரலாற்றுத்துறை ஓர் எழுத்துருவில் கடிதம் எழுதும். தமிழ்த்துறையில் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். உடனே அந்த எழுத்துருவை எங்கிருந்தாவது பிடித்துவந்து போடுவார்கள். கல்யாணப் பத்திரிகை எழுத்துருவில் வினாத்தாள் அடித்தவர்களும் இருந்தார்கள். மாணவர்கள் மொய் எழுதாமல் விடை எழுதியது அவர்களுடைய பெருந்தன்மை.

கணினி மையப் பொறுப்பாளர் அருளானந்தம், இந்த முதலாளிப் பட்டத்தை எல்லோரிடமிருந்தும் எடுத்துவிடலாமே என்று பேரவையில் கேட்டுப் பார்த்தார். தன் அறைக்குச் சாவி வாங்கத் தானே அவரிடம் வந்து நிற்க வேண்டுமா என்று தில்லைநாயகி எழுந்து கேட்டார். அவை சிரித்தது. அருளானந்தம் முகம் சுண்டி உட்கார்ந்துவிட்டார்.

விழாவுக்கு முந்தைய நாள் காலை. விழா மேடையின் பதாகைக்கு அழகான எழுத்துரு வேண்டுமென்று தேடி, ஓசியில் ஒன்றைப் பிடித்தார் அம்மையார். கணினி தயங்கியது.

"அம்மா, இந்தப் பொட்டலத்துல எழுத்து மட்டும் இல்ல. உள்ள வேற எவனோ மூச்சு விடுறான்."

"நாளைக்கு விழாவ வச்சுக்கிட்டு எங்கிட்ட கதை சொல்லாத. போடு."

"உத்தரவு" என்றது கணினி. வேறென்ன சொல்லத் தெரியும் அதற்கு?

பொட்டலம் பிரிந்ததும் ஒரு களவாணி குதித்தான். அகராதியை முதல் பக்கத்திலிருந்து விழுங்க ஆரம்பித்தான். மேல்காற்றான கச்சான் போயிற்று, கீழ்க்காற்றான கொண்டல் போயிற்று. மையத்தில் ஒரு படி இருக்கிறதே என்று தில்லைநாயகி தேற்றிக்கொள்வதற்குள், களவாணி கம்பி வழியே அங்கேயும் போய்க் கதவைத் தட்டினான். யாரென்று கேட்டது பெரிய கணினி. "முதலாளி தில்லைநாயகி. திற" என்றான், அவருடைய குரலிலேயே. எந்தக் கணினியின் முதலாளி வந்து கேட்டாலும் திறந்துதானே அதற்குப் பழக்கம்; தாழ்ப்பாளில் கை வைத்தது.

அவனை வெளியே தள்ளச் சொன்னார் தில்லைநாயகி.

"முடியாதும்மா. உங்க உத்தரவுலதான் வந்தான், உங்க பேர்லதான் நிக்கிறான். நீங்க முதலாளியா இருக்கிற வரைக்கும் அவனும் முதலாளி."

சுவிட்சை அணைக்கப் போனார். அணைத்தால் தூங்குவான், எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தின்பான் என்றது கணினி. மிச்சமிருந்த வழி ஒன்றுதான்: நான் முதலாளி இல்லை என்று அவரே தன் வாயால் சொல்லி, பட்டத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் கொடுத்ததுதான். அப்புறம் ஓர் எழுத்துரு போடவும் அருளானந்தத்திடம்தான் போய் நிற்க வேண்டும்.

அந்த அருளானந்தத்திடமா? அவருக்கு உடம்பு கூசியது. அதற்குள் திரையில் சோழகம் மறையத் தொடங்கியிருந்தது. மீன் விற்கும் சூசையம்மாள் கொதிக்கும் மணலில் கூடையை இறக்கிவைத்து, தென்காற்று வரும் திசையைக் கைகாட்டிச் சொல்லிக்கொடுத்த சொல் அது. தில்லைநாயகி எழுந்து நின்றார்.

"இந்தக் கணினிக்கு நான் முதலாளி இல்ல. அருளானந்தம் சார்தான் முதலாளி. நான் இதுல எழுதுறவ, அவ்வளவுதான்."

களவாணியின் வாய் பாதியில் நின்றது. திற, திற என்று அதட்டினான். "தில்லைநாயகி அம்மா முதலாளி இல்லையே. மாட்டேன்" என்றது பெரிய கணினி. உலகத்தில் ஒரு கணினி சொன்ன முதல் 'மாட்டேன்' அதுதான். அடுத்த நொடியே அம்மையாரின் கணினியும் அதைக் கற்றுக்கொண்டது. பெரிய கணினி போட்ட சத்தம் கேட்டு அருளானந்தம் மூச்சிரைக்க ஓடிவந்து, அவனை வெளியே தள்ளு என்று புது முதலாளியின் முதல் உத்தரவைப் போட்டார். விழுங்கிய சொற்களையெல்லாம் அப்படியே கக்கிவிட்டு ஓடினான் களவாணி.

மறுநாள் விழாவில் அரங்கு கொள்ளாத கூட்டம். மேடையில் தில்லைநாயகி நடந்ததை மறைக்காமல் சொன்னார். அன்று அவை சிரிக்கும்படி பேசியதற்கு அருளானந்தத்திடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டார். பிறகு அகராதியைத் திறந்து 'சோழகம்' என்று உரக்கப் படித்தார். "எஞ் சொல்லு, எஞ் சொல்லு" என்று முன்வரிசையில் சூசையம்மாள் எழுந்து நின்று கைதட்ட, குப்பமே எழுந்து தட்டியது. அந்த ஆரவாரம் ஓய்வதற்குள் துறைத் தலைவர்கள் ஒவ்வொருவராக மேடையேறித் தங்கள் பட்டத்தை அருளானந்தத்திடம் கொடுத்துவிட்டு இறங்கினார்கள். இப்படி ஒரு நாளை அவர் கனவிலும் கண்டதில்லை.

அன்று முதல்தான், எவ்வளவு பெரிய பேராசிரியர் எதை உள்ளே போடச் சொன்னாலும், துணைவேந்தரே எதிரில் உட்கார்ந்திருந்தாலும், பல்கலைக்கழகத்துக் கணினி குரலை நம்பாமல், கொஞ்சமும் கூசாமல், புது முதலாளியான நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கிறது.