ரெண்டு பேரும் நிறுத்தின இடம்

சிபாரிசு இல்லாம ரேடியோவுல எடுக்கவே மாட்டாங்கங்கற. ஏண்டா சௌந்தரு, ஆளு யாருன்னு தெரிஞ்சாத்தானே சிபாரிசு? அங்க பாடப் போறவங்களுக்குப் பேரே கிடையாது, நம்பர்தான். ஒரு ரூமுல மைக் முன்னாடி உக்கார வச்சுருவாங்க. கேக்கறவங்க வேற ரூமுல. மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டாங்க.

என் மருமக கயல்விழி மூணு தடவ போயிட்டு வந்தா. மூணு தடவையும் இல்லேன்னு கடுதாசி.

போஸ்ட்மேன் இருக்கானே, கவரத் தூக்கிப் பாத்தே சொல்லிருவான். "லேசா இருக்கும்மா, கிடைச்சிருக்காது." அவனுக்கு அப்படி ஒரு கை. எதிர்வீட்டுப் பையன் பாஸ்போர்ட்டையும் அப்படித்தான் சொன்னான். சரி, அது எதுக்கு இப்ப.

மூணாவது கடுதாசிக்கு இவ அழல. மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு, பாட்டு சொல்லித்தர்ற சார் வீட்டுக்குக் கிளம்பினா. இனிமே பாட்டு வேண்டாம்னு சொல்லிட்டு வரப்போறாளாம். நானும் செருப்ப மாட்டிக்கிட்டேன்.

சார்னா வயசானவர்னு நினைக்காத. அவருக்கு முப்பத்தொண்ணு, இவளுக்கு நாப்பத்திமூணு. அவர் இவள அக்காம்பார். இவ அவர சாரும்பா.

வீடு டயர் கடைக்கு மேல. பதினேழு படி, பிடிச்சுக்க ஒரு கம்பி கிடையாது. எங்க சம்பந்தியம்மா ஒருதடவ ஏறிட்டு இறங்கவே மாட்டேன்னுட்டாங்க. கடைக்காரன் வந்து கையப் பிடிச்சு இறக்கினான். அவனையே அப்புறம் தம்பி தம்பின்னு, தீபாவளிக்குப் பலகாரமெல்லாம் குடுத்து விட்டாங்க.

நாங்க போனப்ப சார் சட்டைக்குப் பட்டன் தைச்சுக்கிட்டிருந்தார்.

"சார், நான் நிறுத்திக்கறேன்."

"எத?"

"பாட்ட."

"உக்காருங்கக்கா."

இவ உக்காரல.

"நம்ம பாணி அவங்களுக்குப் பிடிக்கல சார். மூணு தடவையும் ஒரே பாட்டுலதான் பாதியில போதும்னாங்க. இந்தத் தடவ ஒருத்தர் மைக்குல கேக்கறார், 'ஏம்மா, உடம்பு சரியில்லையா?'ன்னு. என்ன நக்கலு பாருங்க!"

"எந்தப் பாட்டு?"

"கரைதொட்டுத் திரும்பாத."

"பாடுங்க."

"சேர்ந்தா?"

"தனியா."

இது புதுசு. எட்டு வருசமா பாடத்துல சாரோட சேர்ந்துதான் பாடுவா. அவ்வளவு கூச்சம். நாங்க பொண்ணு பாக்கப் போனப்பவும் இதே கதைதான். பாடச் சொன்னா, அக்காளப் பக்கத்துல உக்கார வச்சாத்தான் பாடுவேன்னுட்டா. எம் மவன் அக்காதான் பொண்ணுன்னு நினைச்சுக்கிட்டுக் கடைசி வரைக்கும் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டிருந்தான். இன்னைக்கும் சண்டை வந்தா அதுலதான் ஆரம்பிப்பா.

சார் தொடையில தாளம் போட்டார். இவ கண்ண மூடிக்கிட்டுப் பாடினா.

"கரைதொட்டுத் திரும்பாத கரு..."

நிறுத்தினா. மூச்ச இழுத்தா.

"...ணைநதியே."

தாளம் நின்னுபோச்சு.

"அங்க ஏன் நிறுத்தினீங்க?"

"அதான் சார் நம்ம பாணி."

"யார் சொன்னா?"

"நீங்க நிறுத்துவீங்களே! கச்சேரியில அந்த எடத்துக்குத்தானே எல்லாரும் ஆஹாம்பாங்க!"

"பாடத்துல நீங்க நிறுத்தி நான் கேட்டதே இல்லையே."

"நீங்க நிறுத்தும்போதுதான சார் நானும் நிறுத்துவேன்."

கீழ கடையில எவனோ டயருக்குக் காத்து அடிச்சுக்கிட்டிருந்தான்.

மடியில கிடந்த சட்டைப் பையில கைய விட்டார். நீலக் கலர் மருந்துக் குப்பி, வாயில வச்சு உறிஞ்சுவாங்களே, அது. அவருக்குச் சின்ன வயசுலேர்ந்து இழுப்பு. அத எடுத்து இவ உள்ளங்கையில வச்சார்.

"பாணி முழுசா வேணும்னா, இதையும் வச்சுக்கங்கக்கா."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. முந்தானைய வாயில வச்சு அமுக்கிக்கிட்டேன். இவ சிரிக்கல. காதெல்லாம் செவந்துபோச்சு.

"எட்டு வருசம் சார்."

"ஆமாக்கா."

"ஒருதடவகூடவா நீங்க கவனிக்கல?"

"அந்த எடத்துல எனக்கு என் நெஞ்சு சத்தம் மட்டுந்தான் கேக்கும்."

இவ குப்பியத் திருப்பித் திருப்பிப் பாத்தா. அப்புறம் அவர் பக்கத்துல வச்சா. வச்சுட்டு, ஏறினதுலேர்ந்து நின்னுக்கிட்டே இருந்தவ, உக்காந்தா.

"அப்ப அந்த ஆளு நெசமாவே உடம்பு சரியில்லையான்னுதான் கேட்டாரா?"

"நெசமாத்தான் கேட்டிருக்கார்."

"நான் வெளிய வந்து அவர வாய்க்கு வந்தபடி திட்டினேன் சார்."

"நல்ல வேள, அவருக்கு உங்க பேரு தெரியாது. பாடுங்க."

மறுபடி பாடினா. நிறுத்தல. கருணைநதிய முழுசா தாண்டிட்டா. அந்த வேகத்துல அடுத்த வரிக்கும் போயிட்டா. நடுவுல காத்து தீந்துபோய், குரல் இழுத்துக்கிட்டு, பாதி வார்த்தையில தொபுக்குன்னு நின்னா. பாணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவ்வளவு மோசமா அவ பாடி நான் கேட்டதே இல்ல.

"இப்ப நான் எங்க சார் மூச்சு எடுக்கறது?"

"உங்களுக்கு எங்க முட்டுதோ, அங்க."

அவ்வளவுதாண்டா. என்ன, பாட்ட நிறுத்திட்டாங்களாவா? இதுக்கும் நான் பதில் சொன்னா, அதையும் நம்ப மாட்ட.

ஏ கயலு! துணி காயப் போட்டது போதும். அந்தச் சுருதிப்பெட்டிய எடுத்துக்கிட்டு உள்ள வா.