அங்காயியைத் தெரியாத பெட்டி

மருங்கூர் ராஜ்யத்தில் ஒரு பெட்டி இருந்தது. விரலை வைத்தால் ஆள் யாரென்று சொல்லிவிடும். ராஜா காலத்தில் ஏது டிஜிட்டல் பெட்டி என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கதைக்குக் குறுக்கே பேசக் கூடாது.

கப்பல் வியாபாரி ஒருவனிடம் அதை வாங்கியவர் பிரதானி கோனேரியப்பர். ஊரார் எல்லோரையும் வரவழைத்து ரேகை ஏற்றினார். இனிமேல் மருந்துச்சாலையில் மருந்து வேண்டுமா, விரலை வை!

"பக்கத்து நாட்டுக்காரன் ஒருத்தன்கூட நம்ம மருந்தைத் தொட முடியாது, மகாராஜா!"

ராஜா வீரமருதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பெட்டி சொல்வதே என் சொல்" என்று முரசறையச் சொன்னார்.

மறுநாள் காலை அரண்மனைக்குப் போய்க்கொண்டிருந்தான் தாண்டவராயன். அவையில் வாயாடி என்று பெயரெடுத்தவன். மருந்துச்சாலை வாசலில் ஒரு பெண், மடியில் பிள்ளையோடு அழுதுகொண்டிருந்தாள். பெயர் அங்காயி.

"புள்ளைக்கு நாலு நாளா காய்ச்சல், சாமி. கண்ணே தொறக்க மாட்டேங்குறா. அந்தப் பெட்டி, நான் இந்த நாட்டு ஆளே இல்லைங்குது!"

தாண்டவராயன் அவள் கையைப் பார்த்தான். கோட்டைச் சுவருக்குச் சுண்ணாம்பு குழைத்துக் குழைத்து ரேகையே அழிந்துபோன கை. பிள்ளையின் நெற்றியைத் தொட்டான், கொதித்தது.

"எழுந்திரு, தாயி. என் பின்னாடியே வா."

அவைக்குள் நுழைந்ததும் பணிவாகச் சொன்னான்: "மகாராஜா, வெளிநாட்டிலிருந்து விருந்தாளி வந்திருக்காங்க."

மருங்கூரில் அயல்நாட்டு விருந்தாளி என்றால் சும்மாவா? பட்டுக் கம்பளம், பன்னீர், உடம்புக்கு முடியவில்லை என்றால் அரண்மனை வைத்தியரே மருந்து அரைப்பார். ராஜாவின் தாத்தா காலத்து வழக்கம். ராஜா எழுந்து நின்றார். அங்காயி உள்ளே வந்தாள்.

"அட, இவளா! நம்ம கோட்டையில சுண்ணாம்பு குழைக்கிறவளாச்சே!" என்று கத்தினார் பிரதானி.

"அப்படியா? பெட்டி இல்லைங்குதே. பெட்டி பொய் சொல்லுமா, பிரதானியாரே?"

பிரதானி வாயைத் திறந்தார். ராஜாவைப் பார்த்தார். "பொய்... சொல்லாது" என்றார்.

"அப்ப விருந்தாளிதான். வைத்தியரைக் கூப்பிடுங்க."

ராஜா கொடுத்த சொல்லை ராஜாவே மீறுவதா? வைத்தியர் ஓடி வந்தார். சாயங்காலம் பிள்ளை கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டது. அங்காயி சிரித்துக்கொண்டே அழுதாள்.

சேதி பரவ எவ்வளவு நேரமாகும்? ஊரில் ஒரு கருங்கல்கூடச் சும்மா கிடக்கவில்லை. ஆளாளுக்கு விரலைத் தேய்த்தார்கள். விடிந்தால் அரண்மனை வாசலில் விருந்தாளிகள் கூட்டம். கம்பளம் போதவில்லை. பன்னீர் தீர்ந்தது. வைத்தியருக்கே காய்ச்சல் வந்துவிட்டது.

"தாண்டவராயா, என் நாட்டில் இன்னும் குடிமக்கள் என்று யாரப்பா மிச்சம்?"

"நீங்களும் பிரதானியாரும்தான், மகாராஜா."

ராஜா நெற்றியைத் தடவிக்கொண்டார். "சரி, பெட்டி இருந்துவிட்டுப் போகட்டும். அது தெரியாது என்று சொன்னால், பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்டு மருந்து கொடுக்கட்டும். நோயாளி காத்திருக்கக் கூடாது. இதைப் பிரதானியிடம் சொல்ல வேண்டும். கூப்பிடு அவரை."

"இப்ப வர முடியாதாம், மகாராஜா."

"ஏன்?"

"அவருக்கு மூட்டுவலி. கொல்லையில உட்கார்ந்து, அம்மிக்கல்லுல விரலைத் தேய்ச்சுக்கிட்டிருக்கார்."