சுங்குடி ஒட்டிய வில்

மலைமேல் நல்ல மழை. அடிவாரத்து ஓடையில் திடீரென்று வெள்ளம் வந்துவிட்டது. இரண்டு கரைக்கும் பாலமாகக் கிடந்த பட்டமரத்தை அது உருட்டிக்கொண்டே போய்விட்டது!

அந்த நேரம் பார்த்து மலையணில் செம்பி அக்கரையில் இருந்தாள். அத்திப்பழம் தின்னப் போனவள். அவளுடைய குட்டிகள் இக்கரையில், மருதமரத்துக் கூட்டில். இன்னும் பால் மறக்காத பச்சைக் குட்டிகள். தாய் வராவிட்டால் அவற்றின் கதி என்ன?

"கீச்! கீச்!" என்று கூட்டிலிருந்து ஒரே அழுகை.

"அழாதீங்கடா கண்ணுங்களா! அம்மா இதோ வந்துடுறேன்!" என்று அக்கரையிலிருந்து செம்பி கத்தினாள். எப்படி வருவாள்? மரத்துக்கு மரம் தாவுவதில் அவள் கெட்டிக்காரிதான். ஆனால் இந்த ஓடையைத் தாவ வேண்டுமென்றால் இறக்கை அல்லவா வேண்டும்!

இறக்கை உள்ளவள் ஒருத்தி அங்கே இருந்தாள். அவள் தையல்சிட்டு நூலாயி. ஒரு நீள நாரைக் கவ்விக்கொண்டு அக்கரைக்குப் பறந்து பார்த்தாள். பாதி தூரம் போவதற்குள் ஈர நாரின் கனம் அவளைத் தண்ணீருக்குள் இழுத்தது. நாரை விட்டுவிட்டு, உயிர் பிழைத்தால் போதும் என்று திரும்பி வந்தாள்.

அப்போது கரடி கரும்பன் தலையைச் சொறிந்துகொண்டே ஒரு யோசனை சொன்னான்.

"நான் ஒரு வில்லு செய்யறேன். அம்புல நாரைக் கட்டி அக்கரைக்கு விடுவோம். நாரோட கடைசியில கொடியை முடிஞ்சு வைப்போம். செம்பி அதை இழுத்து அங்க ஒரு கிளையில சுத்திட்டான்னா, கொடி மேலயே நடந்து வந்துடலாம்!"

நல்ல யோசனை! கரும்பனுக்கு இவ்வளவு மூளையா என்று குரங்கு தொங்கலான் வாயைப் பிளந்தான். "அம்பை நான் விடுறேண்ணே! குறி தப்பாது!" என்று குதித்தான்.

கரும்பனின் குகையில் இரண்டு தடசுக் கொம்புகள் இருந்தன. தடசு நல்ல மரம். வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும். கறையான் புற்றைக் குத்துவதற்காக அவற்றைக் காயப்போட்டு வைத்திருந்தான். ஒன்று வழவழவென்று நேராக இருந்தது. இன்னொன்று கணு விழுந்த கொம்பு. கரும்பன் நேரானதை எடுத்தான். நகத்தால் சீவு சீவென்று சீவினான். நடுவில் பிடி தடிப்பாக, இரண்டு பக்கமும் போகப்போக மெல்லிசாக, வில் அழகாக வந்தது.

அப்போது நூலாயி ஒரு துணியை இழுத்துக்கொண்டு வந்தாள். மலைக்கோயில் திருவிழாவில் காற்றோடு வந்து புதரில் மாட்டிய சுங்குடித் துண்டு அது. சிவப்புத் துணி, அதில் மல்லிகை மொட்டு மாதிரி வெள்ளைப் புள்ளிகள்.

"கரடியண்ணே! இதை வில்லுல ஒட்டலாமா? பார்க்க லட்சணமா இருக்கும்!"

கரும்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஏம்மா, குட்டிங்க பசியில கத்துது! உனக்கு இப்ப மினுக்கல் கேட்குதா? வில்லு என்ன கல்யாணத்துக்கா போகுது?"

"அழகா இருந்தா என்னண்ணே குறைஞ்சு போயிடும்?"

"என் சீவல் மறைஞ்சு போயிடும்! எடுத்துட்டுப் போ!"

பார்த்தீர்களா? அவனுக்கும் அழகுதான் கவலை. தன் கைவேலை நாலு பேர் கண்ணில் பட வேண்டும்! இதை மட்டும் வெளியே சொல்லவில்லை.

நூலாயி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒதுங்கினாள். கரும்பன் நாணைக் கட்டினான். தொங்கலான் கரையில் காலை ஊன்றி நின்றான். அம்பைத் தொடுத்தான். நாரின் கனத்துக்கு நன்றாக இழுக்க வேண்டும். இழுத்தான். இன்னும் இழுத்தான்.

சடார்!

வில்லின் வெளிப்பக்கத்தில் மரம் பிளந்து ஒரு சிலாம்பு விர்ரென்று கிளம்பியது. மறு நொடியே வில் இரண்டு துண்டு. ஒரு துண்டு பறந்து வந்து கரும்பன் மூக்கிலேயே பட்டது.

"ஐயோ!" என்று கரும்பன் மூக்கைப் பிடித்தான். "ஐயையோ!" என்று செம்பி அக்கரையில் மார்பில் அடித்துக்கொண்டாள். வில் முறிந்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

"போதும்! நான் நீந்தியே வர்றேன்! குட்டிங்க சத்தம் கேட்டுட்டு என்னால சும்மா இருக்க முடியலை!"

அந்த வெள்ளத்தில் யானையே நிற்காது! நூலாயி ஒரே பறப்பாக அக்கரைக்குப் பறந்தாள்.

"செம்பியக்கா, பொறு! நீ ஆத்தோட போயிட்டா அந்தக் குட்டிங்களுக்கு யாரு இருக்கா? இன்னொரு வில்லு வருது. செக்கச்செவேல்னு புள்ளி போட்ட வில்லு! அது கண்ணுல படுற வரைக்கும் இந்தக் கிளையை விட்டு இறங்க மாட்டேன்னு எனக்குச் சொல்லு!"

செம்பி அழுதுகொண்டே தலையாட்டினாள். நூலாயி திரும்பி வந்து கரும்பன் முன்னால் உட்கார்ந்தாள்.

"அண்ணே, அக்காவுக்கு வாக்குக் கொடுத்துட்டேன். துணி ஒட்டியே ஆகணும்!"

கரும்பன் வீங்கிய மூக்கைத் தடவினான். மூக்கில் பட்ட பிறகு யாருக்கும் கொஞ்சம் பணிவு வரும். "சரி, உன் இஷ்டம்" என்றான். கணுக்கொம்பை எடுத்துச் சீவினான். அதில் எவ்வளவு சீவினாலும் வழவழப்பு வரவில்லை. பலாப்பிசினைக் கொண்டுவந்து வைத்தான். அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை.

"உள்பக்கமா ஒட்டிடு. தொங்கலான் கண்ணுக்குத் தெரிஞ்சாப் போதும்."

"நல்லா இருக்கே! பார்க்க வேண்டியது தொங்கலானா, செம்பியக்காவா? அவளைப் பார்த்தாப்ல இருக்கிற வெளிப்பக்கம்தான்!"

நூலாயி வெளிப்பக்கம் முழுவதும் பிசினைத் தடவினாள். துணியை இந்த நுனியில் வைத்து, அந்த நுனி வரைக்கும் அலகால் நீவி நீவி ஒட்டினாள். தொங்கலான் உடனே வில்லைத் தூக்கினான்.

"கீழே வை! பிசின் காயட்டும்!" என்று நூலாயி அதட்டினாள்.

"குட்டிங்க அழுவுது!"

"ஈரத்தோட வளைச்சா துணி சுருங்கிடும். அசிங்கமா இருக்கும்!"

கரும்பன் பல்லைக் கடித்தான். ஆனாலும் அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயும் கை நுழையாது என்பதை அவன் மூக்கு அப்போதுதான் படித்திருந்தது. மருதமரத்தில் ஏறினான். தான் ஒளித்து வைத்திருந்த தேனை விரலில் தொட்டுத் தொட்டுக் குட்டிகளின் நாக்கில் வைத்தான். "அழாதீங்க ராசா, அம்மா வந்துடுவா" என்றான். அவனுக்கே கண் கலங்கியது.

நல்ல வேளை, வெயில் சுள்ளென்று அடித்தது. பிசின் கல்லாக இறுகியது. கரும்பன் இறங்கி வந்து நாணைக் கட்ட, தொங்கலான் வில்லை உயர்த்திப் பிடித்தான்.

"தெரியுது! சிவப்பு தெரியுது!" என்று அக்கரையிலிருந்து குரல் வந்தது.

தொங்கலான் இழுத்தான். வில் வளைந்தது. இன்னும் இழுத்தான். உள்ளே எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம்! கரும்பன் இரண்டு கையாலும் மூக்கை மூடிக்கொண்டான்.

வில் முறியவில்லை! அம்பு சர்ரென்று பாய்ந்தது. அத்திமரக் கிளைகளுக்கு நடுவே போய்ச் சிக்கியது. செம்பி பாய்ந்து நாரைப் பிடித்தாள். பல்லால் கவ்வி இழுத்தாள். நாருக்குப் பின்னால் கொடியும் வந்தது. கிளையைச் சுற்றிச் சுற்றி ஓடியே கொடியை இறுக்கிவிட்டாள். இக்கரையில் கரும்பன் மறுநுனியை மருதமரத்தில் கட்டினான்.

பிறகு என்ன? கீழே வெள்ளம் உறும, கொடி மேல் ஓடி வந்தாள் செம்பி! நேரே கூட்டுக்குள் போனாள். அழுகை நின்றது. சப்புக் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கரும்பனும் நூலாயியும் தொங்கலானும் மரத்தடியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்கே வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

கரும்பனுக்கு மட்டும் அந்த 'டிக்' மறக்கவில்லை. வில்லை எடுத்தான். துணியின் ஓரத்தை நகத்தால் மெல்ல உரித்தான். உள்ளே கணுவை ஒட்டி நீளமாக ஒரு சிலாம்பு விட்டிருந்தது. முதல் வில்லில் கிளம்பியதே, அதே மாதிரி. ஆனால் இதைக் கிளம்ப விடாமல் துணி அமுக்கிப் பிடித்திருந்தது.

"அடேயப்பா!" என்றான் கரும்பன். "நூலாயி, வில்லைக் காப்பாத்தினது உன் துணிம்மா! முதல்லயே உன் பேச்சைக் கேட்டிருந்தா குட்டிங்க இவ்வளவு நேரம் பசியில துடிச்சிருக்காது. என் மேலதான் தப்பு. மன்னிச்சுடு!"

நூலாயி கண்ணைக் கொட்டிக் கொட்டி அந்தச் சிலாம்பைப் பார்த்தாள்.

"பொய் சொல்ல மாட்டேண்ணே. எனக்கும் இது தெரியாது! நான் அழகுக்குத்தான் ஒட்டினேன்!"

வெறும் அழகுக்கு என்று நாம் தள்ளி வைப்பதுதான் சில நேரம் உடையப்போகிறதைத் தாங்கிப் பிடிக்கும். அதனால் எதையும் உதவாது என்று விரட்டுமுன் ஒருமுறை பொறுத்துப் பார்க்க வேண்டும்.