ஏட்டையா கடித்த அதிரசம்

மேலக்கல்லூத்துக் காவல் நிலையத்தின் ஏட்டு பிச்சைக்கனி பயந்தது ஒன்றுக்குத்தான்: அட்டைப்பூச்சி. மூன்று வருஷம் மலைமேல் செக்போஸ்டில் கிடந்தவர். அங்கே பூட்ஸைக் கழற்றினால் காலுக்கு முன்னால் அட்டை வெளியே வரும்.

ஆகையால் டி.எஸ்.பி. போனில் பேசியபோது அவருக்கு வியர்த்துவிட்டது.

"இனிமே கைதாகிற எல்லார்கிட்டயும் டி.என்.ஏ. மாதிரி எடுக்கணும். பெட்டி வருது. உள்ளே ஒரு தாள் இருக்கும். அதில் உள்ளபடி மட்டும் செய்யும். சொந்த மூளையை உபயோகிச்சீர்னா மறுபடி செக்போஸ்ட்தான்."

"உபயோகிக்க மாட்டேன் ஐயா."

அந்த விஷயத்தில் நிலையத்தின் மீது அதுவரை ஒரு புகாரும் கிடையாது.

பெட்டி வந்த அன்றே திருடனும் வந்தான். தங்கபுஷ்பத்தின் பலகாரக் கடையிலிருந்து பித்தளை அண்டாவைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடியவன், முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாமல் நேரே நிலையத்துக்குள் ஓடிவந்து ஏட்டையா மேஜையில் முட்டி நின்றான். பெயர் பால்வண்ணன். "நான்தான் எடுத்தேன்" என்று அண்டாவுக்குள்ளிருந்தே ஒத்துக்கொண்டான். அவனை வெளியே இழுக்கக் கான்ஸ்டபிள்கள் தளவாயும் அருளப்பனும் கால் மணி நேரம் பாடுபட்டார்கள்.

பின்னாலேயே தங்கபுஷ்பம் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தாள். "கடையில ஒரு அதிரசத்தைக் கடிச்சுப் போட்டுட்டு வந்திருக்கான் படுபாவி. முழுசாத் தின்னா என்ன கேடு?" என்றபடி அண்டாவைத் திரும்ப எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

பிச்சைக்கனி தாளை விரித்தார். "சம்பவ இடத்தில் கிடைத்த பொருள் புகார்தாரருடையதுதானா என்பதை அதிகாரி உறுதி செய்து அனுப்ப வேண்டும்."

"எப்படிம்மா உறுதி செய்யறது?"

"என் அதிரசத்துல சுக்கு இருக்கும். இந்த ஊர்ல வேற எவளும் போட மாட்டா."

பிச்சைக்கனி ஒரு கடி கடித்தார். சுக்கு இருந்தது. சட்டத்தில் சந்தேகத்துக்கு இடம் இருக்கக் கூடாதென்று இன்னொரு கடி கடித்தார். மூன்றாவது கடியில் பால்வண்ணனின் பல் பட்ட இடம் முழுக்க உறுதியாகிவிட்டது. மிச்சமிருந்த ஓரத்தை உறையில் போட்டார்கள்.

அடுத்த வரியைத் தளவாய் வாசித்தார். "மாதிரி எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் எதுவும் உண்ணக் கூடாது."

"யாரு உண்ணக் கூடாது?" என்றார் அருளப்பன்.

"பேரு போடலையே."

"பேரு போடலைன்னா எல்லாருந்தான். ஊரு பூரா."

அருளப்பன் விசிலோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். வாய்க்குள் பாதி போயிருந்த ஒரு வடையைத் திரும்ப வாங்கி, உரியவர் கையில் கொடுத்து, அரை மணி கழித்துத் தின்னச் சொல்லிவிட்டு வந்தார்.

"கையுறை அணிந்த பின் எதையும் தொடக் கூடாது" என்றது தாள். மூவரும் கையுறை மாட்டிக்கொண்டு கைகளைத் தூக்கியபடி நின்றார்கள். பஞ்சுக்குச்சி உறைக்குள் இருந்தது. வெகுநேரம் அது அங்கேயே இருந்தது.

கடைசியில் பிச்சைக்கனிதான் வழி கண்டார். "லேய் பால்வண்ணா, உன் கைதானே சும்மா இருக்கு. பிரிச்சு என் வாயில வை."

"உங்க வாயிலயா ஏட்டையா?"

"அதிகாரி முதலில் செய்து காட்டி விளக்க வேண்டும்னு போட்டிருக்கில்லா?"

பால்வண்ணன் குச்சியை ஏட்டையாவின் கன்னத்துக்குள் விட்டுச் சுழற்றினான். பக்குவமான கை. "புரிஞ்சுதால?" என்று கேட்டார். புரிந்ததென்று அவன் கையெழுத்தும் போட்டான்.

"எடுத்த குச்சியை உடனே உறையிலிட்டு முத்திரையிடவும்" என்று வாசித்தார் தளவாய். உடனே என்றால் உடனே. அரக்கு ஆறியபிறகுதான் அருளப்பனுக்கு ஒரு யோசனை வந்தது.

"ஏட்டையா, திருடன் வாயில எடுக்கலையே?"

"பிரித்த பெட்டியை மறுபடி பயன்படுத்தக் கூடாதுன்னு இருக்கு. நீ மூளையை உபயோகிக்கியோ?"

"ஐயோ, இல்லை ஏட்டையா."

உறைமேல் 'யாருடைய வாயிலிருந்து எடுக்கப்பட்டது' என்று ஒரு கட்டம் இருந்தது. பொய் எழுதினால் குற்றம். 'பிச்சைக்கனி' என்று குண்டு குண்டாக எழுதினார்.

"மாதிரியை அனுப்பும்வரை இருட்டான, பூட்டிய இடத்தில் தனியாக வைக்கவும்." நிலையத்தில் இருட்டாகவும் பூட்டோடும் இருந்தது லாக்கப் ஒன்றுதான். ஆகவே உறையை லாக்கப்பில் வைத்தார்கள். தனியாக என்றிருந்ததால் பால்வண்ணனை வெளியே பெஞ்சில் உட்காரவைத்து, சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். உறை தபாலில் போனபிறகும் அவனை உள்ளே போகச் சொல்லும் வரி எதுவும் தாளில் இல்லை. அவனும் பெஞ்சிலேயே இருந்து, மூன்று வேளையும் நிலையத்துச் செலவில் சாப்பிட்டு, போன் எடுக்கவும் பழகிக்கொண்டான்.

பதினோராம் நாள் ஆய்வுக்கூடத்திலிருந்து அறிக்கை வந்தது. அதிரசத்தைக் கடித்தவரும் பிச்சைக்கனி என்பவரும் ஒரே ஆள்.



"ஏட்டையா, நீங்களா!" என்றார் தளவாய்.

"விஞ்ஞானம் சொல்லுது வே. நான் என்ன செய்ய?" பிச்சைக்கனி தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அண்டாவை எப்பத் தூக்கினேன்னுதான் பிடிபடலை. எமகாதகன் நான்."

"அப்ப நான் ஒத்துக்கிட்டது?" என்றான் பால்வண்ணன்.

"பொய் வாக்குமூலம். இந்த ஒரு தடவை மன்னிச்சு விடுதோம்."

ஏட்டையா தாமே லாக்கப்புக்குள் போனார். கைதான ஆளிடம் மாதிரி எடுக்க வேண்டுமே என்று தளவாய் அறிக்கையோடு வந்திருந்த புதுப்பெட்டியைப் பிரித்தார். தங்கபுஷ்பம் கடையிலிருந்து ஒரு அதிரசம் வரவழைத்து உறுதி செய்தார். வாயைத் திறந்து செய்து காட்டி விளக்கினார். பதினோரு நாள் கழித்து அவரும் உள்ளே போனார். தளவாயிடம் மாதிரி எடுத்த அருளப்பன் அதற்கடுத்த பதினோராம் நாள் போனார்.

"முதல் அதிரசத்துலயே எனக்கு உங்க மூணு பேர் மேலயும் சந்தேகந்தான்" என்றாள் தங்கபுஷ்பம்.

டி.எஸ்.பி. போன் செய்தார். பால்வண்ணன் எடுத்தான்.

"பிச்சைக்கனி எங்கே?"

"உள்ளே இருக்காங்க ஐயா."

"அறிக்கை எல்லாம் பார்த்தேன். அவரைச் செக்போஸ்ட்டுக்கு மாத்தியாச்சு. இப்பவே கிளம்பச் சொல்லு."

பால்வண்ணன் அதைச் சொன்னதும் பிச்சைக்கனி கம்பியைப் பிடித்துக்கொண்டார். காலில் ஏதோ ஊர்வது போலிருந்தது. "தாளு... கடைசி வரியைப் படில. ஐயாவுக்குக் கேக்கணும்."

"கைதானவரை விசாரணை முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்ட விடக் கூடாது" என்று பால்வண்ணன் போனில் வாசித்தான்.

"அப்படியா போட்டிருக்கு? சரி, தாளில் உள்ளபடி செய்யுங்க" என்று டி.எஸ்.பி. வைத்துவிட்டார்.

உள்ளே மூவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அருளப்பன் விசிலே அடித்தார். சந்தோஷம் அடங்கியதும் பால்வண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு கம்பி ஓரம் வந்து நின்றான்.

"ஏட்டையா, எனக்கு ஒரு நாள் லீவு வேணும்."

"எதுக்குல?"

"அந்த அண்டா இன்னும் கடையிலதான் இருக்கு. போய்ப் பாத்துட்டு வந்திருதேன்."

பிச்சைக்கனி யோசித்தார். ஒரு மாதமாக லீவே எடுக்காத ஆள். "சரி, போய்ட்டு வா. ஆனா லாக்கப்பை நல்லாப் பூட்டி, சாவியை எங்கிட்டக் குடுத்துட்டுப் போ. அண்டாவைக் கவுத்துக்கிட்டு ஓடுதவன், எங்கேயாவது தொலைச்சிருவே."